அறுபத்தோராம் பக்கத்தின் ஓரம்

கனடாவுக்கு வந்து நான் என் கையால் எழுதிய முதல் பத்திரம் ஒரு குற்றப்பட்டியல். கோடு போட்ட ஒரு தாளில் பதினொரு இலக்கங்கள், அடியில் கையெழுத்து, அவ்வளவுதான். அந்தப் பதினொரு பக்கங்களின் ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்துகளை அழிறப்பரால் அழித்தது நான்தான் என்பது அதன் பொருள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கேட்ட பிள்ளைகளில் ஒருத்தி சொன்னாள், "அன்ரி, நீங்கள் அந்த இங்கிலிஸ் கோயில் புத்தகங்களோட பத்து வருசம் மினக்கெட்டனீங்கள். இப்ப வீட்டில இருந்து ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் கொம்பியூட்டரில வருது." எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் தட்டினால் வராத ஒன்றும் உண்டு. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். மன்னாரில் அதற்கு மேல் என்னை விடவில்லை. இதை எழுத எனக்கு ஆறு கிழமை எடுத்தது. மகள் எழுத்துப்பிழை பார்த்தாள். சொற்களை மாற்ற நான் விடவில்லை. மகள் இங்கே பல்கலைக்கழகம் படித்தவள். ஆனாலும் நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய இங்கிலிஸ் கையெழுத்தைக் கொண்டுவந்து வைத்தால் அவளால் வாசிக்க ஏலாது. என்னால் ஏலும். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கோயிலுக்குக் கூட்டித் துடைக்கத்தான் போனேன். நகரின் மேற்குப் பக்கம், பழைய கல்லுக் கோயில், புரட்டஸ்தாந்துக்காரருடையது. நிலவறையில் ஒரு அறை. அங்கே இங்கிலாந்திலிருந்து வந்து மொன்றியலில் குடியேறிய சனங்களின் ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் எல்லாம் எழுதிய பதிவேடுகள் இருந்தன. அந்தக் காலத்தில் கியூபெக்கில் கோயில் பதிவேடுதான் அரசாங்கப் பதிவும். பிறந்ததுக்கு வேறு பத்திரம் கிடையாது. அதனால் தங்கள் பாட்டன் பூட்டன் யார் என்று தேடும் வெள்ளைக்காரர் எல்லாரும் அந்தப் படியில் இறங்கித்தான் வருவார்கள்.

அந்த அறை மிஸ் பார்லோவின் பொறுப்பில் இருந்தது. உயர்ந்த, மெலிந்த மனுசி. கலியாணம் செய்யவில்லை. கம்பளிச் சட்டையின் கைக்குள் எப்போதும் மூக்குத் துடைக்கிற ஒரு லேஞ்சி செருகியிருக்கும். கழுத்தில் நூல் கட்டி ஒரு பென்சில் தொங்கும். அந்த அறைக்குள் பேனை கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் வாசலிலேயே வாங்கி ஒரு கிண்ணத்தில் போட்டுவிடுவார். ஒருமுறை பிஷப்பின் பேனையும் அதற்குள் கிடந்தது. கையுறை போட்டால் தாள் கிழியும், கையைக் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும் என்பது அவரின் சட்டம். அவர் பேசியது எல்லாம் இங்கிலிஸ். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எங்கள் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

அவரின் உதவியாள் ரொறன்ரோவுக்குப் போய்விட, பதிவேடுகளில் தூசு தட்டும் வேலை எனக்கு வந்தது. ஒரு மெல்லிய தூரிகையும் ஒரு அழிறப்பரும் தந்தார். அழிறப்பர் அட்டையின் ஊத்தைக்கு. நான் அட்டையைத் துடைத்து முடித்தேன். உள்ளே திறந்து பார்த்தால் பக்க ஓரங்களில் மங்கலாக, சாம்பல் நிறத்தில் ஏதோ கிறுக்கல்கள். மையால் எழுதியது எழுத்து. மங்கலாய்க் கிடப்பது ஊத்தை. அப்போது எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான். நல்லாக வேலை செய்து காட்ட வேண்டும் என்று பதினொரு பக்கம் துடைத்தேன்.

மிஸ் பார்லோ தேநீர் குடித்துவிட்டு வந்தார். மேசையில் அழிறப்பர்த் தூளைக் கண்டார். சத்தம் போடவில்லை. கதவைச் சாத்தினார். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"எந்தெந்தப் பக்கம்?"

திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். தன் பென்சிலைக் கழற்றி என் கையில் தந்தார்.

"இலக்கத்தை எழுதும்."

"எனக்கு இங்கிலிஸ் எழுத வராது, மிஸ்."

"இலக்கம் எல்லாருக்கும் ஒண்டுதான். அழிச்ச ஆள்தான் எழுதவேணும். நான் எழுதினால் அது நான் கேள்விப்பட்ட கதையாப் போயிடும்."

எழுதினேன். அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார். அகதிப் பத்திரத்துக்காகப் பழகியிருந்த கையெழுத்தைப் போட்டேன். அவர் தாளை மடித்து அந்தப் பதிவேட்டின் பெட்டிக்குள்ளேயே வைத்தார். வேலை போய்விட்டது என்று நினைத்து என் பையை எடுத்தேன்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வாரும். கூட்டுற தும்புத்தடி வேண்டாம். கையைக் கழுவிப்போட்டு வந்தால் போதும்."

அன்றிலிருந்து அந்த அறைதான் என் வேலைத்தலம். ஏன் என்னை வைத்திருந்தார் என்று நான் கேட்டதில்லை. நாலைந்து வருடம் கழித்து யாரிடமோ அவர் சொன்னது காதில் விழுந்தது: "பதினொண்டிலை ஒண்டைக்கூட மறைக்காமல் காட்டின ஆள்."

பழகிய காலத்தை விரித்து எழுத ஒன்றும் இல்லை. ஒரு தாள் துண்டில் பெயரை எழுதித் தருவார். அதை ஒரு படம்போல வைத்துக்கொண்டு பதிவேட்டில் அதே படம் எங்கே இருக்கிறது என்று தேடுவேன். படித்தவர்கள் அவசரமாக வாசிப்பார்கள், அதனால் கண் பாதியில் தாண்டிவிடும். நான் வாசிப்பதில்லை, பார்ப்பது. பார்த்துப் பார்த்து இரண்டு வருடத்தில் வாசிக்கவும் வந்துவிட்டது.

என் மனுசன் சூசைக்கு ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிற வேலை. அவருக்கு என் வேலை ஒரு பகிடி.

"இஞ்சேரும், இண்டைக்கு எத்தினை வெள்ளைக்காரரைத் தோண்டி எடுத்தனீர்?"

"ரெண்டு பேர். ஒருத்தர் ரெண்டு தரம் பிறந்திருக்கிறார்."

"பரவாயில்லை. எங்கட ஆக்கள் ஒருதரம் பிறந்ததுக்கே பத்திரம் இல்லாமல் நிக்கினம்."

இரண்டு தரம் பிறப்பது அங்கே வழமை. ஒரு பத்திரம் ஒன்று சொல்லும், மற்றது வேறொன்று சொல்லும். சனக் கணக்கெடுப்பில் முப்பத்திரண்டு வயது என்று சொன்ன பெண் பத்து வருடம் கழித்து முப்பத்தொன்பது என்று சொல்லியிருப்பாள். வருபவர்கள் தங்களுக்குப் பிடித்த பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பிழை என்பார்கள். மிஸ் பார்லோ அதற்கு விடமாட்டார். பெரிய தாள் ஒன்றில் மூன்று கோடு இழுப்பார். ஒவ்வொரு பத்திரத்துக்கும் மூன்று கேள்வி. இதைச் சொன்னது யார்? எழுதினது யார்? நடந்து எத்தனை நாளுக்குப் பிறகு? பிறந்த நாளுக்குத் தாய் சாட்சி; அவளே தன் புருசனின் தகப்பன் பெயருக்குச் சாட்சி இல்லை, அது கேள்விப்பட்டது. கல்லறையில் வெட்டிய எழுத்துக் கல்லில் இருக்கிறது என்பதற்காக மெய்யாகிவிடாது. நாலாவது கேள்வி ஒன்று உண்டு. அதைத் தாளில் எழுதமாட்டார், வாயால்தான் கேட்பார்: இப்படிச் சொன்னதால் சொன்ன ஆளுக்கு என்ன லாபம்?

ஒருமுறை ஒரு மனிதரின் கலியாணப் பதிவில் பிறந்த இடம் லண்டன் என்று இருந்தது. அடக்கப் பதிவில் ஏதோ ஒரு குக்கிராமம். லண்டனில் தேடித் தேடி ஒருவரும் இல்லை. மிஸ் பார்லோ தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் சொன்னேன், "மிஸ், இஞ்ச ஆர் கேட்டாலும் நான் யாழ்ப்பாணம் எண்டுதான் சொல்லுறனான். மன்னார் எண்டால் ஆருக்குத் தெரியும்?" அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் குக்கிராமத்துக் கோயிலுக்குக் கடிதம் போட்டார். ஆள் அங்கேதான் இருந்தார். அதற்குப் பிறகு, பத்திரங்கள் சண்டை பிடித்தால் என்னையும் கூப்பிட்டு மேசையில் இருத்துவார்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஒரு பனிக்காலம். ரொக்ஸ்பரோவிலிருந்து ரயிலில் ஒரு மனுசி வந்தார். திருமதி டோரிஸ் ஹாலம், எண்பதை நெருங்கிய வயது. ஸ்னோ பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே படி இறங்கினார். கலியாணத்துக்கு முன் கார்லண்ட் குடும்பத்துப் பிள்ளை. அவரின் தம்பி ஏர்னஸ்ட் கார்த்திகை மாதம் செத்துப்போனார். கலியாணம் கட்டாத மனிதர். எரித்த சாம்பலைத் திருமதி ஹாலம் தன் வீட்டில் ஒரு அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார்.

"அவன் என்னட்டைக் கேட்டது ஒண்டே ஒண்டு," என்றார். "தன்னைப் பாட்டியோட வைக்கச் சொல்லி. அப்பா மேற்கை ரயில் வேலைக்குப் போய் அங்கேயே செத்தவர். எங்களை வளத்தது பாட்டி எலன்தான். தாத்தா தோமஸ் வாங்கின நிலத்தில பாட்டி படுத்திருக்கிறா. அங்கை இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு. அவங்கள் விடமாட்டினமாம்."

சவக்காலை அலுவலகத்தின் கடிதத்தைக் காட்டினார். அந்த நிலம் தோமஸ் கார்லண்டின் வழிவந்தவர்களுக்கு மட்டும் உரியது. ஏர்னஸ்டின் தகப்பன் வால்ற்றர் கார்லண்ட். தோமஸுக்கு வால்ற்றர் என்று ஒரு பிள்ளை இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை இரண்டு வயதில் செத்து அதே நிலத்தில்தான் அடக்கம். மிஸ் பார்லோ தொலைபேசியில் கேட்டபோது அந்த அலுவலர் சொன்னது எனக்கும் கேட்டது: "அம்மா, ரெண்டு வயதில செத்த ஆளுக்குப் பிள்ளைகள் பிறக்காது. அவையின்ர தகப்பன் வேற ஏதோ ஒரு கார்லண்ட்."

மே மாதம் நிலம் உருகும்வரை எப்படியும் தோண்ட மாட்டார்கள். அதற்குள் அத்தாட்சி கொண்டுவந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் ஏர்னஸ்டுக்கு வேறு இடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

திருமதி ஹாலம் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார், "அப்ப எலன் எனக்குப் பாட்டி இல்லையோ?"

மிஸ் பார்லோ ஒருபோதும் ஓம் என்றோ இல்லை என்றோ அவசரப்பட்டுச் சொல்லமாட்டார். "இன்னும் தெரியாது," என்றார்.

தாள் விரித்தோம். எங்கள் பதிவேட்டில் அறுபத்தோராம் பக்கம்: வால்ற்றர், தோமஸ் எலன் தம்பதியரின் மகன், ஞானஸ்நானம். அடக்கப் பதிவேட்டில்: அதே வால்ற்றர், வயது இரண்டு. இரண்டையும் ஒரே குருவானவர் அன்றன்றே எழுதியிருக்கிறார். சந்தேகத்துக்கு இடமில்லை. இன்னொரு கோயிலிலிருந்து எடுத்த கலியாணப் பதிவின் பிரதியில்: மாப்பிள்ளை வால்ற்றர் கார்லண்ட், தோமஸின் மகன், ஞானஸ்நானப் பத்திரம் காட்டினார். பிறந்த தேதி செத்த பிள்ளையின் அதே தேதி. செத்தவர் எழும்பிப் போய்க் கலியாணம் செய்திருக்கிறார்.

தோமஸுக்கும் எலனுக்கும் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். அலிஸ் என்று ஒரு மகள். வால்ற்றர் செத்து மூன்று மாதத்தில் பிறந்த ஹேர்பேர்ட் என்று ஒரு மகன். இந்த ஹேர்பேர்ட்டின் ஞானஸ்நானம் இருக்கிறது. கலியாணம் இல்லை, அடக்கமும் இல்லை. மிஸ் பார்லோ அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அமெரிக்காவுக்குப் போனவர்கள் அப்படித்தான் பதிவேட்டிலிருந்து காணாமல் போவார்கள்.

மொன்றியலில் இரண்டு தோமஸ் கார்லண்ட் இருந்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். மூன்று கிழமை மற்றக் கோயில்களில் எல்லாம் தேடினோம். இரண்டாவது தோமஸ் கிடைக்கவில்லை. திருமதி ஹாலம் ஒவ்வொரு செவ்வாயும் ரயிலில் வந்தார். வீட்டில் சுட்ட பிஸ்கட் கொண்டுவருவார். அறைக்குள் சாப்பிட விடமாட்டார்கள் என்பதால் படியில் இருந்து மூவரும் சாப்பிடுவோம். தம்பியின் சாம்பலை அலுமாரியிலிருந்து எடுத்து யன்னலோரம் வைத்திருப்பதாக ஒருநாள் சொன்னார். வெளியே பார்க்க அவனுக்கு விருப்பம் என்றார். மிஸ் பார்லோ பிஸ்கட்டைப் பாதியில் வைத்துவிட்டார்.

அந்தக் கிழமை எனக்கு இரத்தப் பரிசோதனை. பார்க் எக்ஸ்ரென்சனில் எங்கள் வீட்டுக்குக் கிட்டக் கிளினிக். வாசலில் இருந்த பெட்டை பிரெஞ்சில் பிறந்த தேதி கேட்டாள். நான் சொன்னேன். இருபது வருடமாகச் சொல்லுகிற தேதி, வாய் தானாகச் சொன்னது. சொல்லிவிட்டுக் கதிரையில் போய் இருந்தேன். இருந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அது என் பிறந்த தேதி இல்லை.

எனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்தா. பெயர் றோசலின். பதினொரு மாதத்தில் காய்ச்சலில் செத்துப்போனா. அக்கா பிறந்து இரண்டு வருடம் கழித்து நான் பிறந்தேன். கோயிலில் எனக்கு வைத்த பெயர் திரேசா. அக்காவின் பிறப்பை எங்கள் தகப்பன் அரசாங்கக் கந்தோரில் பதிந்திருந்தார். நான் பிறந்தபோது அவர் கடலில், பேந்து வந்து பதிவம் என்று விட்டது, விட்டதுதான். எண்பதுகளில் ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டி வந்தபோது எனக்குப் பத்திரம் இல்லை. கோயில் பதிவேடும் சண்டையில் எரிந்துபோயிருந்தது. மாமா மாவட்டக் கச்சேரிக் கந்தோருக்குப் போய் அக்காவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துவந்தார். அன்றிலிருந்து நான் றோசலின். மிஸ் பார்லோவுக்கும் றோசலின்.

ஒரு பத்திரத்தை இரண்டு பிள்ளைகள் பாவிக்கலாம் என்பது படித்த மிஸ் பார்லோவுக்குத் தோன்றவில்லை. தோன்றாது. தேவைப்படாதவர்களுக்கு அது தோன்றாது.

ஊசி குத்தினதே தெரியவில்லை. யோசித்தபடி இருந்தேன். ஹேர்பேர்ட் எங்கும் போகவில்லை. ஹேர்பேர்ட் செத்த தமையனின் பத்திரத்தோடு வால்ற்றராகப் போயிருக்கிறான். அப்படியென்றால் யாரோ வந்து, செத்த பிள்ளையின் ஞானஸ்நானப் பத்திரத்துக்குப் பிரதி கேட்டிருக்க வேண்டும். அந்தக் கோயிலில் குருவானவர் பிரதி கொடுத்தால், பதிவின் ஓரத்தில் மாதமும் வருடமும் சின்னதாகப் பென்சிலால் குறிப்பார். எங்கே குறிப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தானே ஊத்தை என்று நான் துடைத்தேன்.

மறுநாள் மிஸ் பார்லோ வருமுன் பெட்டியைத் திறந்து என் பட்டியலை எடுத்தேன். ஐந்தாவது இலக்கம் அறுபத்தொன்று.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. நான் அழித்த பக்கம் என்பதும் வெளியே வராது, நான் யாருடைய பத்திரத்தில் சீவிக்கிறேன் என்பதும் வெளியே வராது. ஆனால் ஒரு மனிதர் யன்னலோரம் இருந்து ஸ்னோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மிஸ் பார்லோ வந்து கோட்டைக் கழற்றினார். நான் கதிரையைக் காட்டி அவரை இருக்கச் சொன்னேன். கதவையும் நானே சாத்தினேன்.

"மிஸ், செத்த பிள்ளையின்ர பத்திரத்தைத் தம்பிக்கு எடுத்திருக்கினம்."

"என்னண்டு சொல்லுறீர்?"

"எனக்கும் அப்படித்தான் எடுத்தது."

முழுவதும் சொன்னேன். முடிந்த பிறகு அவர் சட்டைக் கைக்குள்ளிருந்த லேஞ்சியை எடுத்தார். பாவிக்காமல் திரும்பச் செருகினார்.

"அப்ப உம்மட பேர் என்ன?"

"திரேசா."

"சொன்னது ஆர்?"

"அம்மா."

"பிறந்து எத்தினை நாளுக்குப் பிறகு?"

"எட்டாம் நாள் கோயிலில வைச்ச பேர்."

"நல்ல சாட்சி," என்றார். பிறகு, "லாபம்?" என்று கேட்டார்.

"இந்தப் பேரால ஒரு லாபமும் இல்லை, மிஸ். மற்றப் பேரால உயிர் தப்பினது."

அவர் எழுந்து போய் மேசை லாச்சியிலிருந்து ரோச் லைற்றை எடுத்துவந்தார். மின்குமிழை அணைத்தார். அறுபத்தோராம் பக்கத்தைத் திறந்து, ரோச் லைற்றைத் தாளுக்கு மேலே பிடிக்காமல், தாளோடு ஒட்டச் சரித்துப் பிடித்தார். பென்சில் கரி போனாலும் பென்சில் அழுத்திய பள்ளம் போகாது. சரிவாக வெளிச்சம் பட்டால் பள்ளத்தில் நிழல் விழும். மூன்று தரம் பிடித்துப் பார்த்தோம். நாலாம் தரம் அவர் கை களைத்துவிட்டது, நான் வாங்கிப் பிடித்தேன்.

"நீர் வாசியும்," என்றார்.

"நீங்கள் வாசியுங்கோ, மிஸ்."

"அழிச்ச ஆள் வாசிக்கவேணும்."

மாதம் செப்டெம்பர். அடுத்து வருடம். அடுத்து குருவானவரின் பெயருக்குரிய இரண்டு முதலெழுத்து. வால்ற்றரை அடக்கம் செய்து பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு யாரோ வந்து அவனுடைய ஞானஸ்நானப் பத்திரத்துக்குப் பிரதி வாங்கியிருக்கிறார்கள்.

அவர் உடனே அடக்கப் பதிவேட்டை எடுத்தார். அதே வருடம், ஜூலை மாதம்: தோமஸ் கார்லண்ட், ரயில் பட்டறைத் தொழிலாளி, அடக்கம். தகப்பன் செத்து இரண்டு மாதம். பதினாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பட்டறையில் எடுக்கமாட்டார்கள். வால்ற்றர் இருந்திருந்தால் அப்போது பதினாலு. ஹேர்பேர்ட்டுக்குப் பன்னிரண்டும் நிரம்பவில்லை. நாலாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் மிஸ் பார்லோ திருப்திப்படவில்லை. "இது எங்கட கதை. கதை நல்லா இருக்கிறதாலை உண்மையாகாது. அவன் ரெண்டு பெயரோடையும் ஒரே ஆளாய் நிண்ட இடம் ஒண்டு வேணும்."

அதைக் கண்டுபிடித்தது நான். ஹேர்பேர்ட்டின் அக்கா அலிஸின் கலியாணம் எங்கள் கோயிலில்தான் நடந்தது. சாட்சிக் கையெழுத்து ஹேர்பேர்ட் கார்லண்ட். சின்ன வயதிலிருந்து அவனைத் தெரிந்த குருவானவருக்கு முன்னால் வேறு பெயர் போட அவனால் முடியவில்லையாக்கும். அதற்கு நாலு வருடம் கழித்து, பெண்ணின் கோயிலில், தன் கலியாணத்துக்கு அவன் வால்ற்றர் கார்லண்ட் என்று போட்டது எங்களிடம் பிரதியாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதற் பெயர்களை விடுங்கள். கார்லண்ட் என்ற சொல்லின் கடைசி எழுத்தின் வாலை அவன் பின்னுக்கு இழுத்து, சொல் முழுதுக்கும் மேலாலே ஒரு கூரைபோல் மூடுவான். இரண்டு தாளிலும் அதே கூரை, அதே இடத்தில் ஒரு சின்ன உடைவு. எழுத்தை வாசிப்பவர்களுக்கு அது எழுத்து. எனக்கு அது படம். பெயரை மாற்றிய மனிதன் கையை மாற்றவில்லை.

அடுத்த செவ்வாய் திருமதி ஹாலம் வந்தார். மிஸ் பார்லோ தாளை விரித்து ஒவ்வொரு பத்திரமாகக் காட்டினார். ஹேர்பேர்ட் என்ற இடத்துக்கு வந்ததும் அந்த மனுசி தன் வாயில் கையை வைத்தார்.

"பேர்ட்டி," என்றார். "பாட்டி கடைசிக் காலத்தில அப்பாவின்ர படத்தைப் பாத்துப் பேர்ட்டி, பேர்ட்டி எண்டு கூப்பிட்டவ. வயது போய்ப் புத்தி மாறிப்போச்சு எண்டு நானும் ஏர்னியும் பேய்ச்சிரிப்புச் சிரிச்சனாங்கள்."

மிஸ் பார்லோ அதையும் எழுதினார். பல வருடத்துக்குப் பிந்திய ஞாபகம் என்பதால் கடைசி வரியில் எழுதினார். அந்த நேரத்திலும் அவர் வரிசையை மாற்றவில்லை.

அறிக்கை ஒரு பக்கம். பென்சில் குறிப்பு அழிக்கப்பட்டது, அழித்தவர் யார், எப்போது, பட்டியல் எங்கே இருக்கிறது, பள்ளம் எப்படி வாசிக்கப்பட்டது என்று எல்லாம் அதில் இருந்தது. என் பத்திரக் கதையை அவர் எழுதவில்லை. "அது எங்களுக்கு வழி காட்டினது. அத்தாட்சி இல்லை," என்றார். சவக்காலைக்காரர் வந்து பதிவேட்டையும் பட்டியலையும் நேரில் பார்த்தார்கள். ரோச் லைற்றை நான்தான் பிடித்தேன். தொலைபேசியில் பேசிய அந்த அலுவலர் குனிந்து பார்த்துவிட்டு, "செத்த ஆளுக்கும் பிள்ளை பிறந்திருக்கு," என்றார். பகிடிதான், ஆனால் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

மே மாதம் இரண்டாம் கிழமை, நிலம் உருகி, ஏர்னஸ்டைப் பாட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மிஸ் பார்லோவும் நானும் போயிருந்தோம். கல்லில் தோமஸ், எலன், அடியில் சின்ன எழுத்தில் வால்ற்றர், வயது இரண்டு. திருமதி ஹாலம் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பிள்ளையை நான் என்னண்டு கூப்பிடுறது?" என்று கேட்டார். "இவன்ர பேரைத்தான் அப்பா சாகுமட்டும் வைச்சிருந்தவர்."

இங்கிலிஸில் அதற்கு ஒரு சொல்லும் பொருத்தமாக இல்லை. "எங்கட பாசையில அப்பாவின்ர தமையன் பெரியப்பா," என்றேன்.

இரண்டு வயதுப் பிள்ளையை அந்த எண்பது வயது மனுசி எங்கள் சொல்லால், நாக்குப் பிரளப் பிரளக் கூப்பிட்டுப் பார்த்தார். மூன்றாம் தரம் சரியாக வந்தது.

அப்போதுதான் எனக்கும் நினைவு வந்தது. நான் என் வாழ்க்கையில் ஒருவரையும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. மற்றவர்களின் அக்காமாரைக் கூப்பிட்டிருக்கிறேன். அது வேறு.

பிறகு சில வருடத்தில் எனக்குப் பத்திரப்படி அறுபத்தைந்து வந்தது. கோயில் சனம் கேக் வெட்டி, பூ தந்து, பேச்சும் பேசி அனுப்பிவைத்தார்கள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நான் கையைக் கழுவிவிட்டு வழமைபோல வேலைக்குப் போனேன். ஓய்வூதியப் படிவம் வீட்டில் நிரப்பாமல் கிடந்தது.

சூசை தலையில் கை வைத்தார். "விசர் மனுசி, கவுண்மேந்து தாறன் எண்டு நிக்குது."

"அது அக்காவுக்கு வந்தது. எனக்கு இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு."

"உம்மட அக்கா வந்து வாங்கப்போறாவோ?"

மிஸ் பார்லோ மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. என் மேசையில் அன்றைக்குரிய பெயர்த் துண்டை எப்போதும்போல வைத்திருந்தார். இரண்டு வருடம் முடிந்த அன்று, கேக் இல்லை, படியில் இருந்து இருவரும் தேநீர் குடித்தோம்.

"இண்டைக்கு அறுபத்தைஞ்சு," என்றார்.

"ஓம், மிஸ். இண்டைக்குத்தான்."

இப்போது அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. மிஸ் பார்லோ முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். கொம்பியூட்டரில் நீங்கள் தட்டிப் பார்ப்பது நீதிமன்றப் பிரதியின் படம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பதிவேட்டையும் இரண்டாக எழுதி ஒன்றை நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். பென்சில் குறிப்பு கோயில் பிரதியில் மட்டும்தான் இருக்கும். உங்கள் படத்தில் அறுபத்தோராம் பக்கத்தின் ஓரம் வெள்ளையாக இருக்கிறது. நான் அழித்ததைவிடச் சுத்தமாக இருக்கிறது.

வேலையை விட்ட அன்று மிஸ் பார்லோவிடம் ஒன்று கேட்டேன். பட்டியலை எடுத்துத் தரச் சொன்னேன். பதினொரு இலக்கத்துக்கும் அடியில் றோசலின் என்ற கையெழுத்து இருந்தது. அழித்தது றோசலின் அல்ல. அவ பதினொரு மாதத்தில் போய்விட்டா. அவவின் பேரில் ஒரு குற்றம் எழுதிக் கிடந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. மிஸ் பார்லோ கழுத்திலிருந்த பென்சிலைக் கழற்றித் தந்தார். தாளின் ஓரத்தில், சின்னதாக, தமிழில், "இதை அழித்தவள் தங்கச்சி திரேசா" என்று எழுதி, மாதமும் வருடமும் போட்டேன். அவர் மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

என் பெயரில் நான் போட்ட ஒரே பதிவு அதுதான். பென்சிலால் எழுதியது. பெட்டியைத் திறப்பவர்கள் ஊத்தை என்று நினைத்துத் துடைத்துவிட வேண்டாம்.